குலம் கேட்காத மொழி

எங்கள் பள்ளியில் இரண்டாம் ஆண்டு ஸ்பானிஷ் வகுப்பை எந்த வாத்தியாரும் கேட்டு வாங்குவதில்லை. முதலாண்டுக்கு ஒரு மவுசு உண்டு. வணக்கம் சொல்லவும் இருபது வரை எண்ணவும் கற்றுக்கொண்ட பிள்ளைகள் கியே-ஒசி சந்தைக்குப் போய், எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும், ஸ்பானிஷ் பேசும் கினி வியாபாரிகளிடம் அதைக் காட்டிவிட்டு வருவார்கள். வாத்தியாருக்கும் பெருமை. மேல்வகுப்புகளில் எஞ்சியிருப்பவர்கள் விரும்பிப் படிப்பவர்கள். நடுவில் கிடக்கிறது இந்த இரண்டாம் ஆண்டு. இறந்தகால வினைகள் வந்துவிடும், அரசுத் தேர்வு வந்துவிடும், புதுசு என்கிற சுகம் போய்விடும். தொண்ணூறு பேர். பெஞ்சுக்கு நான்கு பேர். வகுப்புக்கு மொத்தம் ஏழு புத்தகம்.

அனிசே எடூ அண்ணன் அதைப் பதினான்கு வருடங்களாகக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தார்.

நான் பக்கத்து அறையில் முதலாண்டுக்கு வாத்தியார். எங்கள் இருவருக்கும் நடுவே கூரையைத் தொடாத பலகைச் சுவர்தான். அவர் நடத்துவது முழுவதும் எனக்குக் கேட்கும். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போனவன் நான் ஒருவன்தான். ஏன் ஸ்பானிஷ் எடுத்தாய் என்று வீட்டில் கேட்டால் இன்றைக்கும் என்னிடம் சரியான பதில் கிடையாது. அந்தத் துறையில் இடம் கிடைத்தது, சேர்ந்தேன். அண்ணனிடம் ஒருமுறை, ஏன் இரண்டாம் ஆண்டையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"மொத வருஷம் கிளிப்பிள்ளைங்க தம்பி. ரெண்டாம் வருஷம்தான் பொய் சொல்லக் கத்துக்குவாங்க. நேத்து ஏன் வரலன்னு கேட்டா ஸ்பானிஷ்லயே ஒரு கதை சொல்லணும்ல. அதைக் கேக்க எனக்குப் புடிக்கும்."

அப்போது அவருக்கு நாற்பத்திரண்டு வயது. பள்ளிக்குப் பின்னால் ஓர் அறையில் தனியாக இருந்தார். தேய்த்த சட்டை, கழுத்துவரை பொத்தான். அவருக்கு ஏழு வயதாக இருக்கும்போதே அம்மா இறந்துவிட்டார். வளர்த்ததெல்லாம் அப்பா வீட்டார். அவருக்குப் பெண் பார்த்துக் களைத்துப்போய் அத்தைமார்கள் அந்தப் பேச்சை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

புத்தகம் இல்லாத வகுப்புக்கு அவர் கண்டுபிடித்த வழி கடிதம். எல்லையிலிருந்து நடக்கிற தூரத்தில் கினி நாட்டு ஊரான எபெபியின். அங்கே ஒரு பள்ளியில் பிள்ளைகள் பிரெஞ்சு படிக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் அவர்களுக்கு ஸ்பானிஷில் எழுதுவார்கள், அவர்கள் எங்கள் பிள்ளைகளுக்கு எங்கள் நாட்டு மொழியான பிரெஞ்சில் எழுதுவார்கள். எங்கள் கடிதங்களை அங்கே இருக்கும் ஆசிரியை திருத்துவார், அவர்களுடையதை அண்ணன் திருத்துவார். எல்லையைத் திறந்து வைத்திருக்கும் வாரங்களில் கடிதக் கட்டு நேராகப் போகும். மூடிவிட்டால் தக்காளி வியாபாரம் செய்யும் ஓர் அம்மாவின் கூடையில் காட்டுப் பாதை வழியாகப் போகும். சில கடிதங்களில் தக்காளிச் சாறு இருக்கும். அதற்காக யாருக்கும் மதிப்பெண் குறைந்ததில்லை.

முதல் கடிதத்திலேயே சண்டை வந்தது. எல்லைக்கு இரண்டு பக்கமும் இருக்கும் எங்கள் எந்துமு ஆட்களில் ஒருவரைப் புதிதாகப் பார்த்தால் பெயர் கேட்பதற்கு முன்பே யார் வீட்டுப் பிள்ளை, என்ன குலம், அம்மா எந்தக் குலம் என்றுதான் கேட்போம். அப்பாவின் குலத்திலும் சரி, அம்மாவின் குலத்திலும் சரி, கல்யாணம் கிடையாது. ஆகவே பேச்சு வளர்வதற்குள் அதைத் தெரிந்துகொள்வது எல்லோருக்கும் நல்லது. அந்தப் பழக்கத்தில் பிள்ளைகள் கடிதத்தின் முதல் பக்கம் முழுக்கத் தங்கள் பாட்டன் முப்பாட்டன் பெயர்களை ஸ்பானிஷில் எழுதி வைத்திருந்தார்கள். அண்ணன் சிவப்பு மையால் அத்தனையையும் அடித்தார்.

மெங்கே என்கிற பெண் எழுந்து நின்றாள். வகுப்பிலேயே வாய் அவளுக்குத்தான்.

"சார், நான் யாரு பொண்ணுன்னு சொல்லலன்னா அந்தப் பையன் என்னை நம்பி எப்படி சார் பதில் போடுவான்?"

"பேரு, வயசு, ஊரு, உனக்கு என்ன புடிக்கும். கடுதாசின்னா இவ்வளவுதான். பரீட்சையில இதைத்தான் கேப்பாங்க."

"அவன் எங்க குலமா இருந்துட்டா?"

"நீ அவனைக் கட்டிக்கவா போற? இறந்தகாலத்துல நாலு வரி எழுதப் போற. தலைநகரத்துல உக்காந்து உன் பேப்பர் திருத்துறவருக்கு உங்க தாத்தா எதுக்கு?"

"பாவம் சார் அவரு. யாருன்னே தெரியாம எல்லாருக்கும் மார்க் போடுறாரு."

பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் என் வகுப்பும் சேர்ந்து சிரித்தது.

எபெபியினில் திருத்திய ஆசிரியையின் பெயர் மிலாக்ரோசா அண்டெமே. கணவரை விட்டுவிட்டு அப்பா வீட்டோடு வந்து இருப்பவர் என்பது பின்னால் தெரிந்தது. அவர் பச்சை மையில் திருத்துவார். முதல் இரண்டு கட்டுகளில் திருத்தம் மட்டும் இருந்தது. மூன்றாவது கட்டில், மெங்கேயின் கடிதத்தில், ஓரத்தில் ஒரு வரி: இந்தப் பெண்ணுக்குக் காற்புள்ளி என்றால் என்னவென்று யாருமே சொல்லித்தரவில்லையா? அண்ணன் அடுத்த கடிதத்தின் ஓரத்தில் பதில் எழுதினார்: சொன்னேன், அவள் பேசும்போதும் வைப்பதில்லை. அப்படித் தொடங்கியது. பிள்ளைகளின் கடித ஓரங்களில் மழையைப் பற்றியும், தலைமை ஆசிரியர்களைப் பற்றியும், அண்டெமே வீட்டு ஆடு கடிதக் கட்டை மென்றதைப் பற்றியும் இரண்டு பேரும் எழுதிக்கொண்டார்கள். இருவரிடமும் போன் இருந்தது. ஆனால் எல்லையோரத்தில் எந்த நாட்டு சிக்னலைப் பிடிப்பது என்று போன் முடிவு செய்வதற்குள் பேச்சு அறுந்துவிடும். அதைவிட அண்ணனுக்கு எழுதுவதுதான் பிடித்திருந்தது என்று நினைக்கிறேன். தொண்ணூறு கடிதங்களை ஒரே மாலையில் திருத்திவிடக் கூடியவர், ஒரு நாளைக்குப் பன்னிரண்டு என்று பிரித்து வைத்துக்கொண்டு திருத்தினார். வாரம் முழுவதும் வர வேண்டுமே.

இதில் அவர் யோசிக்காமல் விட்டது ஒன்று. கடிதங்கள் பிள்ளைகளுக்குத் திரும்பப் போகும்.

"சார், என் கடுதாசி அடியில மேடம் உங்க இருமல் சரியாயிருச்சான்னு கேட்டிருக்காங்க. அதுக்கு எனக்கு எத்தனை மார்க்?"

"உக்காரு மெங்கே."

"இல்ல சார், அடுத்த தடவை ஓரத்துல இன்னும் கொஞ்சம் எடம் விட்டு எழுதட்டுமா? உங்களுக்குப் பத்தல போல."

அதற்குப் பிறகு அந்த வகுப்பே அகலமாக ஓரம் விட்டு எழுதியது. அந்த ஓரத்தில் வருவதைப் படிக்கிற ஆசையில் அகராதியைப் புரட்டவும் கற்றுக்கொண்டார்கள். அந்த ஆண்டுத் தேர்வில் ஸ்பானிஷில் எங்கள் பள்ளி பெற்ற மதிப்பெண்போல் அதற்கு முன்பு பெற்றதில்லை. ஆய்வாளர் வந்து, உங்கள் முறை என்ன என்று கேட்டபோது அண்ணன் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, "கடிதப் பயிற்சி ஐயா" என்றார்.

நாங்கள் அண்டெமேயின் ஊருக்குப் போவதற்கு முன் அவரை நான் ஒருமுறைதான் பார்த்திருந்தேன். அந்தத் தேர்வுக்கு முந்தைய ஜனவரியில் எல்லை திறந்திருந்த ஒரு நாள் தன் மாணவர்கள் பத்துப் பேரோடு எங்கள் பள்ளிக்கு வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். உயரமான, வேகமாக நடக்கிற பெண். என்னைப் பார்த்த உடனே எங்கள் எந்துமு மொழியில் கேட்டார்:

"நீ யாரு வீட்டுப் புள்ளப்பா?"

சொன்னேன். இரண்டே நிமிடத்தில் என் அப்பாவின் பெரியம்மா ஒருவரை அவர்கள் ஊரில் கட்டிக்கொடுத்திருப்பதைக் கண்டுபிடித்து, "அப்ப நீ எனக்குத் தம்பி முறை. இவ்வளவு ஒல்லியா இருக்கியே, உங்க வீட்டுல சமைக்கறதே இல்லையா?" என்று முதுகில் ஒன்று வைத்தார். பிறகு அண்ணன் பக்கம் திரும்பினார். குரல் மாறியது. ஸ்பானிஷில் பேசினார். அண்ணனும் ஸ்பானிஷில்தான் பேசினார். நாள் முழுவதும் அப்படித்தான். வாழைக்காயும் நிலக்கடலைக் குழம்பும் சாப்பிட்டுக்கொண்டே, இரண்டு எந்துமு ஆட்கள், இலக்கணம் பிசகாத ஸ்பானிஷில், இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றட்டுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ஏன் சார் நம்ம பேச்சுலயே பேசலாம்ல?" என்றாள் மெங்கே.

"பயிற்சி" என்றார் அண்ணன்.

என்னிடம் முதல் மூச்சில் கேட்ட கேள்வியை அண்ணனிடம் அந்த அம்மா கேட்கவில்லை. அண்ணனும் கேட்கவில்லை. அன்று எனக்கு அது உறைக்கவில்லை.

அடுத்த ஆண்டு ஏப்ரலில், ஈஸ்டர் விடுமுறைக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அண்ணன் என் வகுப்புக்கு வந்து கரும்பலகையைத் தானே துடைத்தார். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நாளைக்கு ஒரு எடத்துக்கு வர்றியா? அவங்க ஊருக்கு. அவங்களுக்கு அப்பா இல்ல, பெரியப்பாதான் பெரியவர். ஒத்தையா போனா மரியாதை இல்ல. கூட ஒரு ஆள் வேணும்."

"பொண்ணு கேக்கவா அண்ணே?"

"மொதல்ல முகம் காட்டிட்டு வருவோம். எங்க ஆளுங்க அப்பறம் முறையா வருவாங்க."

"என்ன குலம் அவங்க?"

அவர் துடைப்பானைத் தட்டினார். சுண்ணாம்புத் தூள் பறந்தது.

"தெரியாது."

"அண்ணே, ஒன்றரை வருஷமா..."

"எத்தனை தடவை நாக்கு நுனி வரைக்கும் வந்திருக்கு தெரியுமா? எந்துமுவுல பேசியிருந்தா தானா கேட்டிருப்பேன். அந்த மொழியில கேக்க வேண்டியதில்ல. பேரு, ஊரு, என்ன புடிக்கும். அதோட நின்னுக்கலாம். நின்னுக்கிட்டேன்." துடைப்பானைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "எத்தனையோ குலம் இருக்கு தம்பி. எனக்கு ஆகாதது ரெண்டே ரெண்டுதான்."

எபெபியினைத் தாண்டி ஒரு மணி நேரம் காரில். கூரை தகரமும் சுற்றிலும் திறப்புமாக இருந்த சாவடியில், ஊரின் ஆண்கள் நடுவே, அண்டெமேயின் பெரியப்பா எங்கோங்கா உட்கார்ந்திருந்தார். முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் சமையல் வீடு. அங்கே பெண்களின் பேச்சு கேட்டது. அண்ணன் கோட்டுப் போட்டு வந்திருந்தார். வியர்வை காலரை நனைத்திருந்தது.

"உக்காருப்பா" என்றார் பெரியவர். "நம்ம புள்ள சொல்லுச்சு, அந்தப் பக்கத்துலேருந்து ஒரு வாத்தியார் வர்றாருன்னு. என்ன பேச்சுன்னு நாங்க கேட்டுக்கல. பேச்சு ஓடிராது. மொதல்ல நீ யாருன்னு சொல்லு."

அண்ணன் எழுந்து நின்றார். வகுப்பில் நான் தினமும் கேட்ட குரல் அது இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது.

"நான் எடூ, மேடூவோட மகன். மேடூ அபெசோவோட மகன். அபெசோ எங்குலுவோட மகன். எங்குலு ஒண்டுவாவோட மகன். நாங்க ஓயெக் குலம்."

"ஓயெக்கா. நல்ல குலம். வாய்தான் கொஞ்சம் நீளம்."

"ஒரு மருமவ ஓயெக்லேருந்து வந்தா. இன்னும் பேசி முடிக்கல" என்றார் இன்னொருவர். சாவடி சிரித்தது.  இரண்டில் ஒன்று கழிந்துவிட்டது.

"நாங்க எசாண்டோன்" என்றார் பெரியவர். "ஓயெக்குக்கும் எங்களுக்கும் கொடுக்கல் வாங்கல் உண்டு, ஒரு தடங்கலும் இல்ல. சரி, உங்கம்மா பக்கம் சொல்லு."

அண்ணன் கோட்டின் பொத்தானைக் கழற்றினார். மறுபடி போட்டார்.

அண்டெமே தண்ணீர்ச் செம்போடு முற்றத்தைப் பாதி கடந்திருந்தார். அங்கேயே நின்றார். அவர் அண்ணனைப் பார்க்கவில்லை. கையிலிருந்த செம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டில் மற்றது எதுவென்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேறு ஏதாவது ஒரு குலத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் போதும் என்பதும் புரிந்தது. அண்ணனின் அம்மா செத்து முப்பத்தைந்து வருடம். அந்த அம்மா பிறந்த ஊர் இன்னொரு நாட்டில், காபோன் பக்கம், பித்தாமையும் தாண்டி. அங்கிருந்து யார் வந்து மறுக்கப் போகிறார்கள்? சொல்லிவிடுங்கள் அண்ணே என்று நான் மனசுக்குள் வேண்டினேன். அது சரியா என்று இன்றைக்கு என்னைக் கேட்டால் தெரியாது. அன்று வேண்டினேன்.

"எங்கம்மா பேரு ஓயானா" என்றார் அண்ணன். "எம்பா ஒபோனோவோட மக. எசாண்டோன்."

 பெரியவர் முழங்காலில் கையூன்றி எழுந்தார்.

"எந்த ஒபோனோ? நொண்டி ஒபோனோ வழியா?"

"கால் சாய்ச்சு நடப்பாராம். நான் பார்த்ததில்ல."

"அடேய், எங்க சின்னத் தாத்தா வழிடா அது. பித்தாம் பக்கம் போய்ட்ட வழி." பெரியவர் அண்ணனின் தோளைப் பிடித்துக் குலுக்கினார். "உங்கம்மாவை நான் பார்த்திருக்கேன். ஒரு சாவுக்கு இங்க கூட்டிட்டு வந்தாங்க, இத்தனூண்டு. வாழைத் தோப்புல தேனீ கொட்டி மூஞ்சி பூசணிக்கா மாதிரி வீங்கிருச்சு. எல்லாப் புள்ளைங்களும் அழுவுது, அவ மட்டும் அழல. கூட்டை யாரு கலைச்சாங்கன்னு விசாரிச்சிட்டு இருந்தா."

அண்ணன் சிரித்தார். சிரிப்பு பாதியில் வேறு எதுவோ ஆகிவிட்டது. தன் அம்மாவைப் பற்றி இப்படி ஒரு கதை அவர் வாழ்க்கையில் கேட்டதே இல்லை என்று பிறகு சொன்னார். அப்பா வீட்டில் அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல அவர்கள் அறிந்தது, எந்த மாதம் நோயில் விழுந்தார் என்பது மட்டும்தான்.

அதற்குள் சாவடி கலகலத்துவிட்டது. எங்கள் பெண்ணின் பிள்ளை வந்திருக்கிறான் என்று யாரோ சமையல் வீட்டைப் பார்த்துக் கத்தினார்கள். பெண்கள் ஓடி வந்தார்கள். எங்களில் தாயின் குலத்துக்கு மகளின் பிள்ளையைப் போலச் செல்லம் வேறு யாரும் கிடையாது. அந்த வீட்டில் அவன் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. அந்தக் குலத்துப் பெண்கள் எல்லோரும், தொட்டில் குழந்தை உட்பட, அவனுக்கு அம்மாக்கள்.

"அண்டெமே, அங்க என்ன நிக்கிற? வா, உன் மவனைப் பாரு" என்றாள் ஒரு கிழவி. "உன்னைவிட மூத்தவனாட்டம் இருக்கான், அதுக்காக வெக்கப்படாத."

எல்லோரும் சிரித்தார்கள். பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. அண்டெமேயை ஒருமுறை பார்த்தார், அண்ணனின் கோட்டை ஒருமுறை பார்த்தார், பிறகு தன் கைத்தடியைப் பார்த்துக்கொண்டார்.

அண்டெமே வந்தார். செம்பை நீட்டினார். அவர் அண்ணனிடம் எந்துமுவில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் முறை.

"குடி, மகனே. தூரத்துலேருந்து வந்திருக்க."

அண்ணன் இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். நிறையக் குடித்தார். செம்பைத் திருப்பிக் கொடுத்தபோது, "சரி சின்னம்மா" என்றார். சொல் தெளிவாக வந்தது.

முள்ளம்பன்றிக் கறி வந்தது, இலையில் கட்டி அவித்த மரவள்ளி வந்தது, பனங்கள் வந்தது. புறப்படும் நேரத்தில் பெரியவர் கேட்டார்:

"சரி. எங்க பொண்ணோட புள்ள வெறுங்கையா போகக் கூடாது. ஆடா, கோழியா, என்ன வேணும்? எது வேணும்னாலும் கேளு."

"ஒண்ணும் வேணாம் தாத்தா."

"அப்ப எங்க மேல கோவமா?"

 ஒன்றும் எடுக்காமல் போவது அவமானம். அண்ணன் கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

"எனக்குத் தொண்ணூறு புள்ளைங்க இருக்காங்க தாத்தா, ரெண்டாம் வருஷம். மே மாசம் ஒரு நாள் இங்க கூட்டிட்டு வரணும். இங்க இருக்கிறவங்ககூட ஸ்பானிஷ்ல பேசட்டும். வருஷா வருஷம்."

"தொண்ணூறா? நான் ஆடுன்னு சொன்னது ஒரு ஆட்டை" என்றார் பெரியவர். ஆனால் இல்லை என்று சொல்ல முடியாதே. "கூட்டிட்டு வா. உங்க சின்னம்மா பார்த்துக்குவா."

அண்டெமே தலையைக் குனிந்து கறிப் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒன்றின் மேல் ஒன்றாக மிக மெதுவாக அடுக்கினார்.

எபெபியின் வரைக்கும் காரில் திரும்பி வந்தோம். காரை விட்டு இறங்கி எல்லைக்கு நடக்கும்போது நான்தான் கேட்டேன்.

"வேற ஒரு குலம் சொல்லியிருக்கலாம்ல அண்ணே?"

"சொல்லியிருக்கலாம். ஒண்ணு ரெடியாவே இருந்துச்சு நாக்குல." கோட்டைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். "சொல்லிட்டா எங்கம்மா எங்க போவா? அவளுக்குன்னு இருந்தது அந்த ஒரு வரிதான். அதையும் அழிச்சிட்டு, யாரோ ஒருத்தி வயித்துல பொறந்தேன்னு சொல்லிட்டு, அவங்ககூட தெனம் உக்காந்து எப்படிச் சாப்பிடுறது?"

"அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"அவங்களும் கேக்கலையே தம்பி. கேக்காம இருக்கிறதுக்கு ரெண்டு பேர் வேணும்."

எல்லைச் சாவடியில் கினிக் காவலர் ஒருவர் எங்களை நிறுத்தினார். சின்னப் பையன், புதுச் சீருடை. ஸ்பானிஷில் அதட்டலாகக் கேட்டார்: எங்கே போய்விட்டு வருகிறீர்கள், என்ன வேலையாக?

காவலர்களிடம் அண்ணன் எப்போதும் ஸ்பானிஷில்தான் பேசுவார். அவர்களே வியந்து வழிவிடுகிற ஸ்பானிஷ் அது. அன்று எந்துமுவில் சொன்னார்.

"எங்கம்மா ஊருக்குப் போயிட்டு வர்றேன்."

காவலரின் முகம் இளகியது. துப்பாக்கியைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு அவரும் எந்துமுவுக்கு வந்தார்.

"அப்படியாண்ணே? யாரு வீடு?"

பின்னால் வண்டிகள் காத்திருந்தன. அண்ணன் நிமிர்ந்து நின்று, அவசரமில்லாமல், தன் பெயரிலிருந்து தொடங்கினார்.